காசிக் கணக்கு

என் தங்கைக்குக் கல்லூரி தேடிய கணக்கு முழுவதும் அப்பாவின் தறிக் கணக்கு நோட்டில்தான் இருக்கிறது. பட்டு நூல் வாங்கியது, சாயத்திற்குக் கொடுத்தது, நெசவாளர்களுக்குக் கூலி தந்தது என்று நீளும் பக்கங்களுக்கு நடுவே, 2023 பிப்ரவரி மாதக் கூலிப் பட்டியலுக்கு அடுத்த இரண்டு பக்கங்களில் என் கையெழுத்தில் கல்லூரிகளும் அவற்றுக்கு எதிரே தொகைகளும் உள்ளன. பல வரிகள் அடிக்கப்பட்டிருக்கின்றன. கடைசி வரியில் அப்பா பென்சிலால் 'காசி' என்று மட்டும் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார். உதவித்தொகை எதற்கும் தகுதி பெறாத, ஆனால் கையில் பணமும் இல்லாத குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே பத்துக்குக் குறையாது என்பதால், அந்த இரண்டு பக்கங்கள் நிரம்பிய கதையையும் அவற்றில் எழுதாமல் விட்ட செலவுகள் பிறகு வந்து நின்ற கதையையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

நாங்கள் சேலம் அம்மாப்பேட்டையில் தறி வைத்திருப்பவர்கள். மொத்தம் ஆறு தறிகள். இரண்டு எங்கள் வீட்டிலேயே, தரையில் குழி வெட்டி அமைத்த குழித்தறியாக ஓடுகின்றன, மற்ற நான்கும் பாவும் ஊடையும், அதாவது நீள நூலும் குறுக்கு நூலும், கொடுத்து வெளியில் நெய்து வாங்குபவை. வெண்பட்டு வேட்டியும் அங்கவஸ்திரமும்தான் எங்கள் சரக்கு. நான் பி.காம். முடித்து, ஐந்து ரோட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். தங்கை என்னைவிட ஏழு வயது இளையவள். ஒன்பதாம் வகுப்பிலிருந்தே வேட்டிக் கரைகளுக்குக் கட்டத்தாளில் புள்ளி வைத்து டிசைன் போட்டுக் கொடுப்பவள். அவள் போட்ட அன்னப்பட்சிக் கரை ஒன்று இரண்டு முகூர்த்தக் காலங்களில் நன்றாக ஓடியது.

முதலில் வீட்டில் பேசியது பொறியியல்தான். கலந்தாய்வில் துணித் தொழில்நுட்பம் எடுத்துவிட்டால் தொழிலுக்கும் ஆகும் என்பது அப்பாவின் எண்ணம். அப்போதுதான் எங்களுக்கு எந்தச் சலுகை கிடைக்கும் என்று தேடத் தொடங்கினேன். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குப் போகும் பிள்ளைக்கு முதல் பட்டதாரிச் சலுகை உண்டு. ஆனால் உடன்பிறந்தவர் ஒருவர் பட்டம் பெற்றிருந்தாலே அந்தச் சான்றிதழ் கிடைக்காது. பட்டம் பெற்றவள் நான். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்குத் தொழிற்கல்வியில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும், அதில் சேர்ந்தால் கட்டணத்தை அரசே ஏற்பதும் பொறியியலுக்கு 2021 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2022இல் வந்த புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் அப்போது அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும்தான் கிடைத்தது. அம்மா தறிக்கு நூல் தார் சுற்றிச் சேர்த்த காசில் தங்கையை மெட்ரிகுலேஷன் பள்ளியில் படிக்க வைத்திருந்தார். மீதியிருந்தது பிற்படுத்தப்பட்டோருக்கான கல்வி உதவித்தொகை. அதற்குப் பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. கரையில் டிசைன் நெய்யத் தறிமேல் பொருத்தும் ஜக்கார்டு பெட்டிகள் வாங்குவதற்காக வங்கியில் கடன் கேட்டபோது, வருமானத்தைச் சற்று நிமிர்த்திக் காட்டினால்தான் கடன் கிடைக்கும் என்று ஐந்து லட்சத்துக்குக் கணக்குத் தாக்கல் செய்திருந்தோம். செய்தோம் என்ன, அலுவலகத்தில் மாலை எல்லோரும் போன பிறகு அந்தக் கணக்கைப் பதிவேற்றியவளே நான்தான்.

வீட்டில் நல்லது நடந்தது என்று நாங்கள் நினைத்திருந்த மூன்று காரியங்கள் — என் பட்டம், தங்கையின் ஆங்கிலப் பள்ளி, அப்பாவின் வருமான வரிக் கணக்கு — ஒவ்வொன்றும் ஒரு கதவைச் சாத்தியிருந்தன. இதில் யாரையும் குறை சொல்ல முடியவில்லை; எங்களைவிடக் கீழே இருப்பவர்களுக்காகப் போடப்பட்ட வரம்புகள் அவை. ஆனால் வரம்புக்குச் சற்று மேலே நிற்பவன் கையிலும் காசு இருக்காது என்பது தறிக்காரர்களுக்குத் தெரியும்.

கல்விக் கடனுக்கும் போனோம். நான்கு லட்சம் வரை பிணை கேட்கக் கூடாது என்பது விதி. நாங்கள் போன கிளையில் இருந்த அதிகாரி விதியைப் பற்றிப் பேசவே இல்லை, "ஓவியம் வரையற படிப்புன்னா அப்புறம் எப்படிம்மா கட்டுவீங்க?" என்று தங்கையைப் பார்த்துக் கேட்டார். வெளியே வந்ததும் அப்பா, இருக்கிற ஒரு கடனே போதும் என்று முடித்துவிட்டார். எனக்கும் அதில் வருத்தமில்லை.

இந்த இடத்தில்தான் நோட்டின் முதல் பக்கம் தொடங்குகிறது. புறவழிச் சாலையில் இருக்கும் தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றை முதல் வரியில் எழுதினேன். வீட்டிலிருந்தே போய் வரலாம், விடுதிச் செலவில்லை, ஆகவே அதுதான் மலிவு என்பது எல்லோருடைய கணிப்பும். கலந்தாய்வு ஒதுக்கீட்டுக்கு அரசு நிர்ணயித்திருந்த கட்டணம் ஆண்டுக்கு 55,000 ரூபாய். விசாரித்தபோது, கல்லூரிப் பேருந்துக்கு 30,000, வேலைவாய்ப்புப் பயிற்சி என்று 18,000, சீருடை, தேர்வுக் கட்டணம், புத்தகம் எல்லாம் சேர்த்து 12,000 என்று அது 1,15,000 ஆனது. நகரப் பேருந்தில் போய்க்கொள்கிறோம் என்று சொல்லிப் பார்த்தேன். கல்லூரிப் பேருந்து கட்டாயம் என்றார்கள். பத்துக் கிலோமீட்டருக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் என்ற அந்த வரிதான் என்னை யோசிக்க வைத்தது. தொலைவு என்றால் செலவு என்று நினைத்திருந்தோம். பக்கத்தில் இருப்பதற்கும் ஒரு விலை போட்டு வைத்திருக்கிறார்கள்.

தங்கைக்கோ பொறியியலில் மனமே இல்லை. துணி வடிவமைப்புதான் படிப்பேன் என்றாள். சென்னையில் உள்ள தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனத்தின் கட்டணத்தைப் பார்த்தோம். ஒரு பருவத்திற்கே ஒரு லட்சத்திற்கு மேல். மத்திய அரசு நடத்துவது என்றாலே மலிவாக இருக்கும் என்ற என் நம்பிக்கை அன்றோடு போயிற்று. சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் கட்டணம் குறைவு, துணி வடிவமைப்பும் உண்டு. அங்கே நுழைவுத் தேர்வு எழுதினாள், பட்டியலில் பெயர் வரவில்லை. கோவைப் பக்கம் ஒரு தனியார் நிறுவனம் சொன்ன தொகையை நோட்டில் எழுதக்கூட இல்லை.

காசி எங்கள் வீட்டிற்குள் வந்தது டிசைனுக்கு ஏற்ப எங்களுக்கு ஜக்கார்டு அட்டை வெட்டித் தருபவர் மூலமாக. சேலத்தில் 1960 முதல் இருக்கும் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகத்தைப் போலவே வாராணசியிலும் ஒன்று உண்டு. இளமையில் ஒரு பயிற்சிக்காக அவர் அங்கே போயிருக்கிறார். பிப்ரவரியில் ஒரு நாள், தங்கை போட்ட கரையை அட்டைக்கு எடுத்துப் போக வந்தவர் எங்கள் புலம்பலைக் கேட்டுவிட்டு, "அங்க பெரிய யுனிவர்சிட்டி இருக்குதுங்க, அதுல துணி டிசைனுக்குன்னே பிரிவு இருக்குது. சேலத்துப் பட்டுக்காரன் பனாரஸ் பட்டைப் பார்க்க வேண்டாமா?" என்றார். அன்றிரவே கைப்பேசியில் தேடினேன். காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் காட்சிக்கலைப் புலத்தில் நான்காண்டு கவின்கலைப் பட்டம். அதில் ஓவியம், சிற்பம், மண்பாண்டம் ஆகியவற்றோடு துணி வடிவமைப்பும் இருந்தது. ஆண்டுக் கட்டணம் ஐந்திலக்கத்தைத் தொடவில்லை. மாதத்திற்கா ஆண்டுக்கா என்று மூன்று முறை படித்துப் பார்த்தேன்.

மத்தியப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் படிப்புகளுக்கு 2022 முதல் பொது நுழைவுத் தேர்வு வந்துவிட்டது. தமிழ் உட்பட 13 மொழிகளில் எழுதலாம் என்பது நம் ஊரில் பலருக்குத் தெரியாது. பொறியியலையும் மருத்துவத்தையும் விட்டால் வேறு நுழைவுத் தேர்வு இருப்பதே பள்ளிகளில் சொல்லப்படுவதில்லை. அந்தத் தேர்வின் பொதுத் தாளில் வரும் கணக்கும் தருக்கமும் பொது அறிவும் ஒரு பழைய வங்கித் தேர்வுப் புத்தகத்திலிருந்து தங்கை பயின்றவை. அந்தப் புத்தகம் நான் எழுதித் தோற்ற தேர்வுக்காக வாங்கியது.

தேர்வைவிடச் சிரமம் தந்தவை சான்றிதழ்கள், அவற்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நம் தாசில்தார் தரும் சாதிச் சான்றிதழ் மாநில அரசின் பட்டியல்படி தரப்படுவது. மத்திய நிறுவனத்தில் 27 சதவீத இட ஒதுக்கீட்டில் சேர, இதர பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழைத் தனியாக வாங்க வேண்டும். வளமான பிரிவைச் சேர்ந்தவரல்லர் என்று அதில் குறிப்பிட்டிருக்க வேண்டும், நடப்பு நிதியாண்டில் வாங்கியதாகவும் இருக்க வேண்டும். அதற்கான வருமான வரம்பு 8 லட்சம் ரூபாய். இரண்டரை லட்சத்தைத் தாண்டியதற்காக மாநில உதவித்தொகையை இழந்த நாங்கள் இந்த வரம்புக்குள் தாராளமாக அடங்கினோம். இ-சேவை மையத்தில் இருந்தவர், இருக்கிற சான்றிதழே போதும் என்று முதல் முறை திருப்பி அனுப்பிவிட்டார். அவர் பேச்சைக் கேட்டிருந்தால் அந்த இடம் போயிருக்கும். அடுத்தது, வேறு மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்பவர்கள் அரசுத் தேர்வுகள் இயக்ககத்திடம் வாங்க வேண்டிய இடப்பெயர்வுச் சான்றிதழ். மாற்றுச் சான்றிதழும் இதுவும் ஒன்று என்று நினைத்திருந்தேன், ஒன்றல்ல.

எல்லாவற்றையும்விட வேடிக்கை இனிஷியல். தங்கையின் மதிப்பெண் பட்டியலில் பெயரும் ஓரெழுத்தும். ஆதாரில் அதே பெயரோடு அப்பாவின் பெயர் முழுதாக. விண்ணப்பத்திலோ குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? இரண்டும் ஒருவரே என்று வழக்கறிஞரிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி வைத்துக்கொண்டோம். இன்றைக்கும் காசியில் அவளை அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். முதல் வாரம் முழுவதும் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் இருந்திருக்கிறாள்.

ஜூலையில் முடிவு வந்து இடம் உறுதியானபோதுதான் நோட்டின் இரண்டாம் பக்கத்தை எழுதினேன். கட்டணம் எல்லாம் சேர்த்து 10,000 என்று உயர்த்தியே வைத்தேன். சாப்பாடு மாதம் 3,000 வீதம் பத்து மாதத்திற்கு 30,000. ஆண்டுக்கு இரண்டு முறை வந்து போக, தூங்கும் வசதிப் பெட்டியில், வழிச் சாப்பாட்டோடு 6,000. வண்ணம், தாள், நூல் வகைக்கு 12,000. குளிர்காலத் துணிக்கு 4,000. கைச்செலவு 10,000. ஆக 72,000. பத்துக் கிலோமீட்டரில் இருக்கும் கல்லூரிக்கு 1,15,000, ஏறத்தாழ இரண்டாயிரம் கிலோமீட்டரில் இருக்கும் கல்லூரிக்கு 72,000. அப்பா இரண்டு பக்கங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகுதான் அந்தப் பென்சில் வரி.

எங்கள் ஆயா, அதாவது பாட்டி, மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "ஏங்கண்ணு, காசிக்குக் கடைசிலதானே போவாங்க, இவ மொதல்லயே போறாளா?" என்றார். பல்கலைக்கழக வாயிலுக்கு எதிரே உள்ள பகுதிக்கு லங்கா என்று பெயர் என்பதை வாய்தவறிச் சொல்லிவிட்டேன். ராமலீலையில் இலங்கைக் காட்சி நடக்கும் இடம் என்பதால் வந்த பெயர் என்று எவ்வளவு விளக்கியும், பெண் பிள்ளையை இலங்கையில் கொண்டுபோய் விடுவதை அவர் மனம் ஏற்கவேயில்லை. கடைசியில் ஒரு சொம்பு கங்கை நீருக்குச் சமாதானமானார்.

ஏற்காட்டு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஐந்தாவதிலேயே வாந்தி எடுப்பவள், சென்னையிலிருந்து கங்கா காவேரி விரைவு ரயிலில் இரண்டு இரவும் ஒரு பகலும் சன்னலோரம் அசையாமல் உட்கார்ந்து வந்தாள். அப்பாவும் நானும் உடன் போனோம். 1916இல் மதன் மோகன் மாளவியா ஊர் ஊராக நன்கொடை திரட்டி உருவாக்கிய அந்தப் பல்கலைக்கழகம் சுமார் 1,300 ஏக்கர். வாயிலிலிருந்து அவளுடைய புலத்துக்கு நடந்தே போகலாம் என்று அப்பா கிளம்பியது தவறாகப் போயிற்று. தந்தையை இழந்த பாரதி 1898இல் காசிக்குப் போய் அனுமன் படித்துறைப் பகுதியில் அத்தை குப்பம்மாள் வீட்டில் தங்கிப் படித்ததைத் தங்கை நினைவுபடுத்தினாள். தூரத்தில் படிக்கப் போகிறவனுக்கு அத்தை வீடு எவ்வளவு பெரிய உதவித்தொகை என்று அடுத்த சில மாதங்களில் எனக்கு விளங்கியது. எங்களுக்குக் காசியில் அத்தை இல்லை.

விடுதிக்குத் தனியே, குறித்த நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதைக் கவனிக்காமல் விட்டது என் பிழை. கட்டணம் கட்டிவிட்டால் அறையும் சேர்ந்து வரும் என்று நினைத்துவிட்டேன். ஆறு மாதம் லங்காவில் வாடகை விடுதியில், மாதம் 5,500 வீதம் 33,000. நாங்கள் மூவரும் போய் வந்ததும் தங்கியதும் 9,000. நவம்பரில் அவளுக்கு டைபாய்டு. உடன் தங்கியிருந்த தெலுங்குப் பெண் இரவு பதினோரு மணிக்கு உடைந்த ஆங்கிலத்தில் அழைத்துச் சொன்னாள். ரயிலில் இடம் கிடைக்காமல் 11,000 ரூபாய்க்கு விமானச் சீட்டு எடுத்து முதன்முதலாக விமானம் ஏறினேன். ஏறிய நினைவே இல்லை. மருந்து, திரும்பிய செலவு எல்லாம் சேர்த்து அந்த வகையில் 18,000. ஆக முதல் ஆண்டு 72,000 என்று போட்டது 1,32,000 ஆகி, பக்கத்துக் கல்லூரியைவிட 17,000 கூடுதலாகவே முடிந்தது. என் சேமிப்பும் அம்மாவின் ஒரு ஜோடிக் கம்மலும் அதில் போயின. தொலைவு தன் கட்டணத்தை முதல் ஆண்டிலேயே மொத்தமாக வாங்கிக்கொள்கிறது. தொலைவில் சேர்ப்பவர்கள் கணக்கில் வரும் தொகைக்கு மேல் ஐம்பதாயிரமாவது தனியே எடுத்து வைக்காமல் பெட்டியைக் கட்ட வேண்டாம் என்பேன்.

இரண்டாம் ஆண்டு விடுதி கிடைத்தது, இந்தி வந்துவிட்டது, எதை எங்கே வாங்குவது என்று தெரிந்துவிட்டது. செலவு 76,000. இரண்டாண்டும் சேர்த்துப் பார்த்தால் 2,08,000. பக்கத்துக் கல்லூரிக்கு 2,30,000 ஆகியிருக்கும். மிச்சம் 22,000 ரூபாய் என்று சொன்னால் இதற்கா இத்தனை பாடு என்று சிலர் கேட்கிறார்கள். அவள் கேட்ட படிப்பை எங்கள் கைக்கு எட்டும் விலையில் வேறு யாரும் தரவில்லை என்பதை அவர்களிடம் சொல்வதற்குள் பேச்சு மாறிவிடுகிறது.

பணத்தில் எழுத முடியாதவையும் இருந்தன. வகுப்பில் பாதி இந்தி. முதல் மூன்று மாதம் ஆசிரியரின் கையை மட்டும் பார்த்து வரைந்தாள். ஏற்காட்டில் வாங்கிய ஸ்வெட்டர் அங்கே டிசம்பரில் உள்சட்டைக்குச் சமம். ரஜாய் என்னும் பஞ்சுப் போர்வை வாங்கித்தான் தூங்கினாள். பொங்கலுக்கு விடுமுறை இல்லை. அன்றைக்கு அங்கே கிச்சடிப் பண்டிகை, ஒரே நாள். மாலையில் தட்டுவடை செட் சாப்பிட வேண்டும் போலிருக்கிறது என்று ஒரு நாள் தொலைபேசியில் அழுதாள். சேலத்தில் பிறந்தவளுக்கு அது சாதாரண அழுகையில்லை. அம்மா தட்டுவடையைப் பார்சலில் அனுப்பினார். பீட்ரூட், கேரட் துருவலை அவள் அங்கேயே சீவிக்கொண்டாள், சட்னிதான் சரியாக வரவில்லையாம்.

காசியின் மதன்புரா நெசவாளர் தெருக்களில் வகுப்போடு போனபோது, குழித்தறியில் உட்கார்ந்திருந்த பெரியவர் நாடா ஓட்டும் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பினாள். அப்பா அதைக் கைப்பேசியில் காதோடு வைத்துக் கேட்டுவிட்டு, "பாவு தளர்வா இருக்குது, அவர்கிட்டச் சொல்லச் சொல்லு" என்றார்.

இப்போது ரயில் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகிவிட்டது. தீபாவளிக்கு அவள் வருவதற்கான சீட்டைக் காலை எட்டு மணிக்குத் திறந்தவுடன் எடுக்க வேண்டும். அந்தத் தேதியை அப்பா நோட்டில் நூல்காரருக்குப் பணம் தர வேண்டிய நாளுக்குக் கீழே எழுதி வைத்திருக்கிறார், பென்சிலால்.